ஐ விழுந்த பக்கம்

"உங்க 'க' எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

எனக்குப் புரியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான் டைப் செய்து கொண்டுவந்திருந்த தாளை என் பக்கம் திருப்பினார். 'விபத்துக்குப் பிறகு என் இடது க முன்பு போல் இல்ல. மழக் காலத்தில் க முழுவதும் வலிக்கிறது' என்று இருந்தது.

"அடுத்த பக்கத்துல 'தலக்குக் குளிக்க முடியவில்ல'. அதுக்குக் கீழே 'வேலக்குப் போனாலும்'. இருபது வருஷமா அச்சகத்துல டைப் பண்றவங்கன்னு உங்களைப் பத்தி இழப்பீட்டு மனுவுல எழுதியிருக்கேன். எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பாத்தா சிரிக்க மாட்டாரா?"

அப்போதுதான் நானே பார்த்தேன். ஒன்பது பக்கத்திலும் ஓர் ஐகாரம்கூட இல்லை.

நான் பழகிய விசைப்பலகையில் க தட்டி, கூடவே ஐ தட்டினால்தான் கை விழும். அந்த ஐ மேல் வரிசையில் இருக்கிறது. இடது கை ஆள்காட்டி விரல் எழும்பி, நீண்டு, அதைத் தொட வேண்டும். விபத்தில் அறுந்த நரம்பைத் தைத்துவிட்டார்கள். ஆனால் அந்த விரல் அமுக்கச் சொன்னால் அமுக்கும், நீளச் சொன்னால் நீளாது. அக்கம்பக்கத்து எழுத்துகளுக்கு வேறு விரல்களைப் பழக்கிவிட்டேன். ஐ மட்டும் பழைய விரலைத்தான் தேடுகிறது. விரல் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. தொட்டுவிட்டதாக மனசு நினைத்துக்கொள்கிறது. திரையைப் பார்க்காமல் டைப் செய்கிற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையில் இத்தனையும் கவனிக்காமல் போயிருக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னேன். வக்கீலம்மா கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தார். பிறகு தாள்களைச் சீராகத் தட்டி அடுக்கினார்.

"அப்ப ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீங்க. டாக்டர் குடுத்த சர்டிபிகேட்டைவிட இது நல்ல சாட்சி. இப்படியே தாக்கல் பண்றேன். முக்கியமா உங்க வீட்டுக்காரர் கையில குடுத்துடாதீங்க."

என் வீட்டுக்காரர் மெய்ப்புத் திருத்துகிறவர். அதே அச்சகத்தில் விபத்துக்கு முன்பு வரை நான் டைப் செய்த ஒவ்வொரு தாளும் அவர் மேஜைக்குப் போய்ச் சிவப்பு மையோடு திரும்பி வரும். இப்போது முதலாளி என்னைப் பில் போடும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே முதலாளி என்னை 'டைப்பு' என்றும் அவரை 'புரூஃபு' என்றும் கூப்பிடுவார். அவர் இன்றைக்கும் என்னை டைப்பு என்றுதான் அழைக்கிறார். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு, பையில் இருந்த பேனாவைத் தடவிக்கொண்டிருந்தார். கை அரிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"இன்னொண்ணு," என்று வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினார். "உங்க வாக்குமூலமும் அவர் வாக்குமூலமும் ஒத்துப்போகல. நீங்க 'நான்தான் கடைப் பலகையைக் காட்டினேன், அதனாலதான் அவர் திரும்பினார்'னு எழுதியிருக்கீங்க. அவர் 'நானே வேடிக்கை பார்த்தேன், என் மனைவி எதுவும் சொல்லவில்லை'னு எழுதியிருக்கார். ரெண்டுல ஒண்ணு பொய். ஒருவழிப் பாதையில எதிர்ல வந்து இடிச்சது வேன். அந்த டிரைவர் 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஒரே வரியில முடிச்சிட்டான். நீங்க ரெண்டு பேரும் தப்புக்கு அடிச்சுக்கறீங்க. இப்படி ஒரு கட்சிக்காரங்களை நான் பாத்ததே இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கடைசியா, வீட்டைப் பத்தி ஒரு பக்கம் வேணும். ஒன்பது பக்கமும் குழாய், பாத்திரம், டைப்புன்னே எழுதியிருக்கீங்க. கணவன் மனைவி வாழ்க்கையில என்ன குறைஞ்சது? துணை இழப்புன்னு சட்டத்துல அதுக்கும் இடம் இருக்கு."

"அவர் நல்லாத்தான் இருக்கார்."

"அவர் எப்படி இருக்கார்னு நான் கேக்கல."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தாக்கல். அதற்குள் பத்தாம் பக்கம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஸ்கூட்டரை விற்றாகிவிட்டது. அவர்தான் விற்றார். பேருந்தில் எனக்கு ஜன்னலோர இருக்கையைக் காட்டிவிட்டு, பக்கத்து இடம் காலியாக இருக்கும்போதே பின்னால் போய் உட்கார்ந்தார். "கையில யாராவது இடிச்சிடுவாங்க. பையை வெச்சுக்கோ பக்கத்துல," என்றார். நான் பையை வைத்துக்கொண்டேன். ஆறு மாதமாக என் இடது பக்கத்தில் அந்தப் பைதான் உட்கார்ந்து வருகிறது.

பலகை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. தெருவில் போகும்போது கடைப் பலகைகளில் எழுத்துப் பிழையை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர் கணக்கில் ஒரு எண் ஏறும். கல்யாணமான வாரத்தில் தொடங்கியது. தோற்றவர் ஜெயித்தவருக்குப் பத்து விரலுக்கும் சொடக்கு எடுத்துவிட வேண்டும். ஆனால் டைப் அடித்து ஓய்ந்த விரல் என்னுடையது என்பதால், ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்தான் எடுப்பார். சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக வருவார். கட்டை விரல் வரும்போது எனக்குப் பாதித் தூக்கம் வந்திருக்கும்.

அன்றைக்கு அவர் இருநூற்று முப்பது, நான் இருநூற்று இருபத்தொன்பது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் புதிதாக ஒரு பலகை. அழகு நிலையம் என்று எழுத நினைத்து 'அழுகு நிலையம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் பூ வேறு வரைந்திருந்தார்கள். "அங்க பாருங்க, அழுகு நிலையம்," என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அந்தக் குலுக்கல் என் கையில் தெரிந்தது, நான் அவர் தோளைப் பிடித்திருந்தேன். அப்போதுதான் வேன் வந்தது.

அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரிக்கவில்லை. நாங்கள் அந்தத் தெரு வழியாகப் போகவும் இல்லை. அந்த ஒரு எண் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

அவர் நடுக்கூடத்தில் படுக்கத் தொடங்கியது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று. தூக்கத்தில் கட்டுப் போட்ட கையில் பட்டுவிடும் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அப்போது அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, வலி அப்படி. இரண்டு மாதத்தில் கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கு நான் கட்டிலில் புது உறை போட்டு, அவர் தலையணையைத் தட்டி வைத்தேன். அவர் வந்து வாசலில் நின்று, "காத்து வருதா? ஜன்னலைத் திறந்து வைக்கவா?" என்று கேட்டார். திறந்துவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதமாக அந்தத் தலையணையில் தூசு தட்டுகிறேன்.

அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். காட்டியது நான். ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவரைத் திருப்பியது நான். கோபத்தைச் சொல்ல மாட்டார், அப்படிப்பட்ட ஆள் இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துத் தருவார், ஈரத்துணியைப் பிழிந்து தருவார். பொறுப்பான ஒரு ஆண் நர்ஸ் வீட்டில் இருப்பது மாதிரி இருக்கும். கேட்டு விடலாம் என்று பல தடவை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. 'ஆமாம், கோபம்தான்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று விழுங்கிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அவருக்குத் தங்கை, வாய்க்குப் பூட்டு கிடையாது. மூலையில் சுருட்டி வைத்த பாயையும் தலையணையையும் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, எங்கண்ணனை வாட்ச்மேன் வேலைக்குச் சேத்துட்டீங்களா?"

"இங்க காத்து நல்லா வருது," என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆமாமா. மின்விசிறி உள்ளே, காத்து வெளியே. விசில் ஒண்ணு வாங்கித் தரேண்ணா, ராத்திரி ஊதிக்கிட்டே இரு."

அவர் செய்தித்தாளில் ஏதோ ஒரு வார்த்தையைச் சுழித்தார். அவள் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்து, பாத்திரத்தை என்னிடமிருந்து பிடுங்கிக் கழுவினாள்.

"சண்டையா அண்ணி?"

"சண்டை போட்டா நல்லா இருக்கும்."

அவள் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. போகும்போது அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுப் போனாள். "எதுக்குடி?" என்றார் அவர். "உனக்கே தெரியும்," என்றாள்.

புதன்கிழமை அச்சகத்திலிருந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் இன்னும் வரவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழக்கப்படி கண்ணை எடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த அவர் சட்டையைப் பார்த்தபடி டைப் செய்தேன்.

'அவர் கூடத்தில் படுக்கிறார். கட்டுப் போட்டிருந்தபோது என் க மேல் பட்டுவிடும் என்று பாய எடுத்துக்கொண்டு போனார். கட்டுப் பிரித்து நான்கு மாதம் ஆகிறது. பாய் திரும்பி வரவில்ல. ரவிக்கக் கொக்கி மாட்டிவிடுகிறார், கண்ண வேறு பக்கம் வத்துக்கொண்டு. முன்பு தினமும் பத்து விரலுக்கும் சொடக்கு எடுப்பார். இப்போது ஒரு விரலும் தொடுவதில்ல. என்மேல் கோபமா என்று அவரக் கேட்கப் பயமாக இருக்கிறது. நான் இழந்தது விரல் மட்டும் இல்ல. அவர் என் பக்கத்தில் இல்ல.'

அச்செடுத்துப் படித்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஐயெல்லாம் விழுந்ததில், எழுதியது போலவே இல்லை. யாரிடமோ நேரில் சொன்னது போல இருந்தது.

பத்துப் பக்கத்தையும் உறையில் போட்டு மேஜைமேல் வைத்தேன். வக்கீலம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. பீரோவுக்குள் வைத்திருக்கலாம். மறந்துபோய் வைத்தேன் என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் காலை அவர் உறையைப் பார்த்துவிட்டார். எழுத்து இருக்கிற எதையும் அவரால் தாண்டிப் போக முடியாது.

"டைப்பு, இதுதானா அது?"

"அதுதான். திருத்தக் கூடாதாம். பிழைதான் சாட்சியாம்."

"பிழையா? எத்தனை?" முகத்தில் பசி தெரிந்தது.

"நிறைய. பேனாவைக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் தந்தார், போலீஸிடம் கத்தியை ஒப்படைப்பது போல. அதை என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"படிக்க மட்டும் செய்யறேன்," என்றார்.

"படிங்க." சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, ஊற்றிக்கொள்ளாமல் நின்றேன். வெளியே தாள் திருப்புகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் வெளியே வந்தபோது உறை மூடி, நூல் சுற்றி, மேஜையின் நடுவில் இருந்தது. அவர் அச்சகத்துக்குப் போய்விட்டிருந்தார். கண்ணாடி முன்னால் கொக்கியை நானே மாட்டிக்கொள்ள இருபது நிமிஷம் ஆயிற்று.

அன்றைக்கு முழுவதும் அச்சகத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலமும் பேசவில்லை. பாயை விரித்தார். உறையைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. படித்துவிட்டும் வராதவரைப் பற்றி இனி எந்தச் சட்டத்தில் இடம் தேடுவது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வக்கீலம்மா உறையைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே நின்றார்.

"இது என்ன புள்ளி?"

எட்டிப் பார்த்தேன். பிழையாக இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். 'க'வுக்குக் கீழே புள்ளி. 'வேலக்கு' என்பதற்குக் கீழே புள்ளி.

"மெய்ப்புல அது ஒரு குறி, மேடம். 'தப்புன்னு தெரியும், ஆனா அப்படியே இருக்கட்டும்'னு அர்த்தம்."

"சும்மா விட முடியலையாக்கும் அவரால." ரப்பரை எடுத்துக் குமாஸ்தாவிடம் கொடுத்து, ஒன்பது பக்கத்தையும் அழிக்கச் சொன்னார். அவர் தும்மிக்கொண்டே அழிக்க ஆரம்பித்தார். வக்கீலம்மா பத்தாம் பக்கத்தை எடுத்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கெடுத்துட்டாரே."

அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இல்லை. 'க' அப்படியே இருந்தது. 'பாய' அப்படியே இருந்தது. கடைசி வரியில் மட்டும் 'இல்ல' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் வால் சுழித்த நீக்கக் குறி போட்டிருந்தார்.

"இது என்ன குறி?"

"எடுத்துடுன்னு அர்த்தம்."

எடுத்துவிட்டால் மீதி என்ன என்று இருவரும் ஒரே நேரத்தில் படித்தோம். அவர் என் பக்கத்தில்.

என் கைப்பையைத் திறந்தேன். நான் மூடி மேலே இருக்கும்படி போட்ட பேனா தலைகீழாகக் கிடந்தது. ஒரே ஒரு சொல்லுக்காக ஜிப்பைத் திறந்து எடுத்து, அடித்துவிட்டு, திரும்பவும் உள்ளே வைத்திருக்கிறார். நான் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது.

"சிவப்பு அடிச்ச பக்கத்தைத் தாக்கல் பண்ண முடியாது," என்றார் வக்கீலம்மா. குரலில் கண்டிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. "மூணு மணிக்குள்ள இன்னொரு தடவை டைப் பண்ணிக் குடுங்க. இல்ல, அந்தக் கோரிக்கையை விட்டுடலாம். விட்டா கிடைக்கறது கொஞ்சம் குறையும். எதுன்னு நீங்கதான் சொல்லணும். ரெண்டு வாக்குமூலமும் ஒத்துப்போகலங்கறது அப்படியே நிக்குது, அதையும் முடிங்க."

"அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்."

வெளியே என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அச்சகத்திலிருந்து நேராக வந்திருக்கிறார், விரலில் மை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை அவர் மடியில் வைத்தேன்.

"திருத்தக் கூடாதுன்னு சொன்னேனே."

"ஒண்ணுதான் திருத்தினேன்."

"அடிச்சா ஆயிடுமா? நேத்தும் பாய் வெளியேதானே?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ படிச்சுட்டு ஏதாவது சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் பிரிக்கவே இல்ல."

"பிரிக்கலையா?" நிமிர்ந்து பார்த்தார். "நான் திருத்தின தாளை நீ பாக்காம விட்டதே இல்லையே, டைப்பு."

அது உண்மைதான். இருபது வருஷத்தில் முதல் தடவை.

"என்மேல கோபம்தானே உங்களுக்கு?" கேட்டுவிட்டேன். "காட்டினது நான்தானே?"

"உன்மேல எனக்கு எதுக்குக் கோபம்? வண்டி ஓட்டறவன் பலகை பாக்கலாமா? அந்த விரலைப் பாக்கும்போதெல்லாம்..." எதிர்ச் சுவரைப் பார்த்தார். "தொட்டா மறுபடியும் ஏதாவது பண்ணிடுவேனோன்னு இருக்கும். உனக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். கூப்பிடவே இல்லையே நீ."

"தலையணையைத் தட்டித் தட்டி வெச்சேனே."

"அது தூசு தட்டறதுன்னு நெனச்சேன்."

அவர் மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு கொம்பு, ஒரு கால் விடாமல் படிக்கிறவர். என் தலையணையைப் படிக்கத் தெரியவில்லை. நான் மட்டும் என்ன, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போன மனுஷனைப் படித்தேனா?

"வக்கீலம்மா உள்ள திட்டறாங்க," என்றேன். "நீங்க ஒண்ணு எழுதியிருக்கீங்க, நான் ஒண்ணு எழுதியிருக்கேன். நீங்க எதுக்கு 'மனைவி எதுவும் சொல்லவில்லை'னு எழுதினீங்க?"

"எல்லாரும் உன்னைக் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும். அந்தப் பலகையை முதல்ல பாத்தது யாரு?"

அவர் விரலில் இருந்த மையைத் தேய்த்தார்.

"சொல்லுங்க. அந்த எண் யாரோட கணக்கு?"

குமாஸ்தா உள்ளே தும்முவது கேட்டது.

"உன் கணக்கு," என்றார். "நீதான் முதல்ல பாத்தே." பிறகு, ரொம்ப மெதுவாக, "அழுகு நிலையம்," என்றார். சொல்லும்போதே உதடு ஒரு பக்கமாக இழுத்தது. "பூ வேற போட்டிருந்தான்." அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. என் தோள் அதில் பட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப நானும் இருநூத்தி முப்பது."

"சரிசமம்."

உள்ளே போய் அவர் வாக்குமூலத்தை மாற்றி எழுதினார். அவள் காட்டினாள், நான் பார்த்தேன், இருவரும் சிரித்தோம், வேன் ஒருவழிப் பாதையில் எதிரே வந்தது. நான்கு வரிதான். வக்கீலம்மா படித்துவிட்டு, "இதுல என்ன வெக்கம்? இதை முதல்லயே எழுதியிருக்கலாம்ல?" என்றார். 'சிரித்தோம்' என்பதை எடுக்கட்டுமா என்று குமாஸ்தா கேட்டார். "இருக்கட்டும்," என்றோம், இரண்டு பேரும்.

"பத்தாம் பக்கம்?" என்றார் வக்கீலம்மா.

"அது வேண்டாம் மேடம். ஒன்பது பக்கம் போதும்."

அவர் தாளை மடித்து என்னிடமே தந்தார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் என் இடது பக்கத்தில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் என் இடது கையை எடுத்தார். சுண்டு விரல் சொடக்கென்றது. மோதிர விரல், நடு விரல். ஆள்காட்டி விரலுக்கு வந்ததும் நின்றார்.

"வலிக்குமா?"

"தெரியல. யாரும் எடுத்துப் பாக்கல."

விரலை இரண்டு கையாலும் பிடித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக மடக்கினார், மெதுவாக நீட்டினார். சத்தம் வரவில்லை. விட்டுவிட்டுக் கட்டை விரலுக்குப் போகவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில் 'பழயது வாங்கப்படும்' என்று ஐ இல்லாமல் இருந்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.